புல்லட் 350: கிராங்க் ஆயில் சீலை இரண்டு தடவை மாற்றிய கணக்கு

வண்டி 1986 புல்லட் 350, திருவொற்றியூரில் செய்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின், நான்கு கியர், பாயிண்ட் இக்னிஷன். ராத்திரி நிறுத்தினால் காலையில் இடது பக்கப் பிரைமரி கேஸுக்கு (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் உள்ள பெட்டி) அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். கிராங்க் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் அடைப்புதான் சீல். அதை முதல் தடவை மாற்றியது 180 கிலோமீட்டரில் தோற்றது. இரண்டாம் தடவை மாற்றி 1,500 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. இரண்டு தடவையும் என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதை வரிசையாகப் பதிகிறேன்.

புல்லட்டில் கிராங்க் சீல் கசிந்தால் அது நேராகத் தரையில் சொட்டாது. சீல் இருப்பது பிரைமரி கேஸுக்குள்ளே. இன்ஜின் ஆயில் சீலைத் தாண்டிப் பிரைமரிக்குள் போய் அங்கே அளவை ஏற்றுகிறது. ஏறிய எண்ணெய், உள் கேஸின் பின்பக்கம் கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட் நட்டைச் சுற்றியுள்ள ஃபெல்ட் வளையம் வழியாகவோ வெளி மூடியின் ரப்பர் வளையம் வழியாகவோ வெளியேறுகிறது. சொட்டுவது மூடிக்குக் கீழே என்பதால் பலரும் ரப்பர் வளையத்தையே மூன்று நான்கு தடவை மாற்றுவார்கள். இந்த வண்டிக்கும் அது நடந்திருந்தது. பழைய வளையத்தின் மேல் இரண்டு நிற அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) படிந்து கிடந்தது.

எந்த எண்ணெய் எங்கே போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இன்ஜினிலும் பிரைமரியிலும் ஒரே 20W50 இன்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தால் பார்த்துச் சொல்ல முடியாது. பிரைமரியை முழுக்க வடித்துவிட்டு, சிவப்பு நிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) 420 மில்லி அளந்து ஊற்றினோம். 100 கிலோமீட்டர் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்தால் 610 மில்லி வந்தது. நிறமும் சிவப்பு இல்லை, பழுப்பு. அதே தூரத்தில் இன்ஜின் ஆயில் அளவுக் குச்சியில் தெளிவாக இறங்கியிருந்தது. இந்த வண்டியில் இருந்த கிளட்ச் வழுக்கலுக்கும் காரணம் இதுவே. தட்டுகள் தேவைக்கு மேல் எண்ணெயில் மூழ்கி ஓடியிருக்கின்றன. சில வண்டிகளில் எதிர்த்திசையில் நடக்கும்: பிரைமரி எண்ணெய் குறைந்துகொண்டே போகும், சைலன்சரில் புகை வரும். சீல் ஒன்றுதான், காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இந்தச் சோதனைக்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். வண்டி சில நாள் சும்மா நின்றால் ஆயில் டேங்கில் உள்ள எண்ணெய் பம்ப் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் புத்தம் புதுச் சீலும் தாங்காது. மூன்று நாள் நின்ற பிறகு அடிப் போல்ட்டைக் கழற்றி வடித்துப் பார்த்ததில் இந்த வண்டியில் 150 மில்லிதான் வந்தது. கவலைப்படும் அளவு இல்லை. ஒரு லிட்டர் வந்திருந்தால் சீலைத் தொடாமல் பம்ப் தட்டைக் கவனித்திருக்க வேண்டும்.

கழற்றும் வரிசை இது. இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல். அடியில் அகலமான தட்டு. வெளி மூடி நடுவில் உள்ள ஒற்றை நட்டில்தான் நிற்கிறது. அதைக் கழற்றி, மூடியை ரப்பர் சுத்தியால் சுற்றித் தட்டினால் விட்டுவிடும். இடுக்கில் திருப்புளி வைத்து நெம்பவே கூடாது. அலுமினிய விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்தால் அடுத்த கசிவு அங்கேதான்.

உள்ளே முதலில் ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர், மூன்று ஸ்டட்டில். நட்டுகளும் இடைவெளி வாஷர்களும் எந்த ஸ்டட்டில் எத்தனை இருந்தன என்று போட்டோ எடுத்து வைப்பது நல்லது. திரும்ப மாட்டும்போது ரோட்டரில் உரசாமல் இருப்பது அவற்றைப் பொறுத்தது. அப்புறம் ரோட்டர் நட்டு, ரோட்டர், அதன் சாவி (ரோட்டரைத் தண்டோடு பூட்டும் சிறு எஃகுத் துண்டு). சாவியைக் காந்தத்தில் ஒட்டி வைக்கவும். எண்ணெய்த் தட்டில் விழுந்தால் தேடிக் கிடைக்காது.

பிரைமரி செயின் இரட்டை வரிசை, இணைப்புக் கண்ணி கிடையாது. அதனால் இன்ஜின் ஸ்பிராக்கெட்டும் கிளட்சும் செயினோடு சேர்ந்தேதான் வெளியே வரும். மூன்று ஸ்பிரிங் திருகுகள், தட்டுகள், பிறகு நடு நட்டு. நட்டின் பூட்டு வாஷர் மடிப்பை நிமிர்த்தி, டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்தினால் நட்டு விடும். பெடலைக் கழற்றிவிட்டதால் பிரேக் ராடைக் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பெடலை இந்த நட்டு விட்ட பிறகு கழற்றியிருக்கலாம். கிளட்ச் நடுப்பகுதிக்குப் புல்லர் கட்டாயம். 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் திருப்புளி போட்டு நெம்பி எடுத்த கிளட்ச் டிரம்களை நிறையப் பார்த்தாகிவிட்டது, விளிம்பு கோணியிருக்கும், செயின் சத்தம் போகவே போகாது.

உள் கேஸை மூன்று போல்ட் பிடித்திருக்கின்றன. அதையும் கழற்றிவிட்டால் வேலை எளிது, பின்னால் உள்ள பேக்கிங் பேப்பரையும் புதிதாகப் போடலாம். இப்போது கிராங்க் முனை, அதன் மேல் காலர் என்ற எஃகு வளையம், காலரைச் சுற்றிச் சீல் கண்ணுக்குத் தெரியும்.

முதல் தடவை செய்த தவறுகள் இங்கேதான் தொடங்கின. சீலைத் திருப்புளியால் நெம்பி எடுத்தோம். முனை வழுக்கி, சீல் உட்காரும் அலுமினியக் குழியில் நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்தது. நீளவாக்குக் கீறல் எண்ணெய்க்கு வாய்க்கால் மாதிரி. காலரைத் துணியால் துடைத்தோம், பளபளப்பாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம். 60 ரூபாய்ச் சீலை, கைக்குக் கிடைத்த பாக்ஸ் ஸ்பேனர் முனையை வைத்துத் தட்டி, அடி வரை இறக்கிவிட்டோம். கிராங்க் முனையின் ஸ்ப்லைன் பற்களின் மேல் சீலை நேராகத் தள்ளினோம். இத்தனைக்கும் மேலே, குழி முழுக்க அனபாண்ட். 180 கிலோமீட்டரில் பிரைமரியில் மறுபடி 500 மில்லிக்கு மேல்.

திரும்பக் கழற்றிப் பார்த்ததில் சீலின் உதட்டில் (காலரைத் தொட்டு நிற்கும் ரப்பர் விளிம்பு) இரண்டு இடத்தில் மெல்லிய வெட்டு, ஸ்ப்லைன் பல் கீறியது. அதை மட்டும் காரணமாக எடுத்துக்கொண்டு இன்னொரு சீலைப் போட்டிருந்தால் அதுவும் கசிந்திருக்கும். இந்தத் தடவை காலரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிந்தது வெறும் பளபளப்பான கோடு. நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டியது. வெர்னியரின் கத்தி முனையால் அளந்ததில் அந்தத் தடத்தில் விட்டம் பக்கத்து இடத்தைவிட 0.18 மி.மீ. குறைவு. ரப்பர் எஃகைத் தேய்க்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ரப்பர் தனியாகத் தேய்ப்பதில்லை. கிளட்ச் தட்டு உதிர்க்கும் தூளும் எண்ணெயில் மிதக்கும் இரும்புப் பொடியும் உதட்டில் பதிந்து, உப்புத்தாள் மாதிரி ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் தேய்க்கின்றன. புதுச் சீலை அடி வரை இறக்கியபோது அதன் உதடு மிகச் சரியாக இந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

பள்ளம் விழுந்த காலருக்கு மூன்று வழி. புதுக் காலர் கிடைத்தால் அதுதான் நல்லது, 180 ரூபாய். கிடைக்காவிட்டால், குழியின் ஆழம் இடம் கொடுத்தால், சீலை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி உட்காரவைத்து உதட்டைத் தேயாத இடத்தில் ஓடவிடலாம். காலர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். லேத்தில் கொடுத்துக் கடைந்து பள்ளத்தை எடுப்பது சரிவராது. விட்டம் குறைந்துவிடும், சீலின் பிடிப்பும் குறைந்துவிடும். கடைசல் உளி விட்டுப்போகும் சுருள் கோடு இன்னும் மோசம். அது திருகு மரை மாதிரி வேலை செய்து, தண்டு சுற்றச் சுற்ற எண்ணெயை வெளியே தள்ளும். காலரை மெருகேற்ற வேண்டுமானால் 600 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, சுற்றுவாக்கில் மட்டும், சாய்க்காமல் தேய்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி மின்ன வேண்டாம். உதட்டுக்கு அடியில் எண்ணெய்ப் படலம் நிற்க நுண்ணிய சொரசொரப்பு தேவை.

காலருக்கு வெளியே சீல் காக்கிறது, உள்ளே? காலருக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகவும் எண்ணெய் வரும், ஸ்ப்லைன் பள்ளங்கள் அதற்கு வழி கொடுக்கின்றன. சீல் மாற்றியும் கசிகிறது என்று வரும் வண்டிகளில் இதைப் பார்க்காமல் விடுகிறார்கள். காலரின் உள்பக்கத்தையும், ஸ்பிராக்கெட் வந்து முட்டும் முகத்தையும் தின்னரில் துடைத்து, நகக்கண் அளவு அனபாண்டை மெல்லிய படலமாகத் தடவினோம். இந்த வேலையில் அனபாண்டுக்கு உண்மையான இடம் இதுதான்.

சீல் வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பழைய சீலின் முகத்தில் மூன்று எண் இருக்கும். 30-42-7 என்று இருந்தால் உள் விட்டம் 30, வெளி விட்டம் 42, கனம் 7 மி.மீ. என்று பொருள். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட இந்த மூன்று எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது. முப்பது நாற்பது வருட வண்டியில் யார் எந்தக் காலரை மாட்டியிருப்பார்கள் என்று தெரியாது, ஆகவே காலரையும் குழியையும் வெர்னியரில் அளந்து ஒப்பிட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ காலரைக் கையோடு கொண்டுபோய், சீலை அதில் மாட்டிப் பார்த்தே வாங்கலாம். உதட்டை விரலால் மடித்துப் பார்க்கவும். விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். கடையில் பல வருடம் கிடந்த சீல் விறைத்திருக்கும், மடித்த இடத்தில் நுண்ணிய வெடிப்பு தெரியும். சாதாரணக் கறுப்பு நைட்ரைல் ரப்பர் இந்த இடத்துக்குப் போதும். வைட்டான் என்ற ரப்பர் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். திரும்ப அவிழ்க்கும் உழைப்பை எண்ணி 220 ரூபாய் கொடுத்து வைட்டான் வாங்கினோம்.

பழைய சீலை இந்தத் தடவை நெம்பவில்லை. சீலின் தகட்டு முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளை போட்டு, மரத் திருகு இரண்டைப் பாதி இறக்கி, இடுக்கியால் மாற்றி மாற்றி இழுத்தால் நேராக வந்துவிடும். துளை போடும் முனையில் கிரீஸ் பூசினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும், பேரிங்குக்குள் போகாது. தகட்டைத் தாண்டி முனை உள்ளே இறங்கக் கூடாது. பின்னால் உடனே பேரிங்.

சீல் இல்லாமல் இருக்கும் இந்த நேரத்தில் பேரிங்கையும் பார்த்துவிட வேண்டும். கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினோம். டயல் கேஜில் 0.03 மி.மீ. கையால் ஆட்டும்போதே ஆட்டம் தெரிந்தால் சீலை மாற்றிப் பயன் இல்லை. தண்டு துள்ளும்போது உதடு கூடவே துள்ள முடியாது, அந்த இடைவெளியில் எண்ணெய் வந்துவிடும்.

குழியில் விழுந்த கீறலை 800 நம்பர் தாளால் பிசிறு மட்டும் போகும்படி நீவி, தின்னரில் துடைத்து, கீறல் இருந்த இடத்தில் மட்டும் அனபாண்டைத் தொட்டு வைத்தோம். சீலைத் தட்ட, லேத்தில் 200 ரூபாய்க்கு நைலான் கட்டை ஒன்று கடைந்து வாங்கினோம். அதன் வெளி விட்டம் சீலைவிட அரை மில்லி குறைவு, நடுவில் கிராங்க் முனை புகும் அளவுக்குத் துளை. ஸ்ப்லைன் பல் உதட்டைக் கீறாமல் இருக்க, குளிர்பான பாட்டிலின் மெல்லிய பிளாஸ்டிக்கை வெட்டிக் குழல் மாதிரி சுருட்டி முனையில் போர்த்தினோம். அதன் மேல் எண்ணெய் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்க்கும்படி சீலை வழுக்கி இறக்கினால் உதடு மடியாமல் காலரில் ஏறிவிடும். இரண்டு உதடு உள்ள சீல் என்றால் நடுப் பள்ளத்தில் கிரீஸ் நிரப்ப வேண்டும். காய்ந்த உதடு முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும். மெதுவாகத் தட்டி இறக்கி, வெர்னியரின் ஆழக் குச்சியால் நான்கு இடத்தில் அளந்ததில் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தது. ஒரு பக்கம் அரை மில்லி சாய்ந்தாலே அது கசிவில் தெரியும்.

முதல் தடவை சீல் தோற்றதற்குப் பெரிய காரணம் சீலுக்கு வெளியே இருந்தது. ஒற்றை சிலிண்டர், 346 சிசி. பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் கிராங்க் கேஸுக்குள் அத்தனை காற்று நசுங்குகிறது. 3,000 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 50 தடவை. அந்தக் காற்று வெளியேற மூச்சுக் குழாய், அதன் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வு. காற்றை வெளியே விடும், பிஸ்டன் மேலே போகும்போது அலகு மூடிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. இப்படி ஓடும்போது கிராங்க் கேஸில் அழுத்தம் தங்காது, எண்ணெயும் உள்ளேயே இருக்கும். இந்த வண்டியில் ரப்பர் கல்லாகி, அலகு ஒட்டிக்கொண்டிருந்தது. வாயால் ஊதினால்கூடக் காற்று போகவில்லை. உள்ளே நசுங்கிய காற்றுக்கு வேறு வழி இல்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு பிரைமரிக்குள் போயிருக்கிறது. புதிது 45 ரூபாய். மாட்டிவிட்டு, குழாய் முனையில் மெல்லிய பாலிதீன் பையைக் கட்டி ஸ்டார்ட் செய்தால், பை உப்பி உப்பியபடியே நிற்க வேண்டும். உப்பிச் சுருங்கி உப்பினால் வால்வு மூடவில்லை. குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, உள்ளே கசடு அடைத்திருக்கிறதா என்றும் கம்பி விட்டுப் பார்ப்பது நல்லது.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். சில இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். உள் கேஸின் பேக்கிங் பேப்பர், கிளட்ச் நட்டின் பூட்டு வாஷர் இரண்டும் புதிது. பிரைமரி செயினை முழுச் சுற்றுச் சுற்றி, மிக இறுக்கமாக வரும் இடத்தில் 6 மி.மீ., அதாவது இரண்டு நூல் தொய்வு வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து வைத்தால் இறுக்கமான இடம் வரும்போது கிராங்க் பேரிங்கை இழுக்கும், சீலின் ஆயுள் அங்கே போகும். ஸ்டேட்டரைப் பூட்டியதும் 0.20 மி.மீ. பீலர் கேஜ் ரோட்டரைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடையில்லாமல் நுழைய வேண்டும். ஒரு பக்கம் பிடித்ததால் ஒரு வாஷரை மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஸ்டேட்டர் ஒயர் வெளியே வரும் ரப்பர் மூக்கையும் துடைத்து, சிறிது அனபாண்ட்.

வெளி மூடியைக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து வைத்துப் பார்த்ததில் கீழ்ப்பக்கம் காகிதம் நுழையும் அளவுக்கு வளைவு. ஒற்றை நட்டை மிதமிஞ்சி இறுக்கியவர்களின் கைவேலை அது. கசிந்தால் இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்கள், மூடி இன்னும் வளையும். கண்ணாடி மேல் 220 நம்பர் தாளை ஒட்டி, எட்டு வடிவத்தில் இருபது நிமிடம் தேய்த்ததில் சமமாகிவிட்டது. புது ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் சுருட்டல் இல்லாமல் உட்காரவைத்து, பசை எதுவும் இல்லாமல், வளையம் நசுங்கி மூடி தொடும் வரை மட்டும் நட்டை இறுக்கினோம். ஏடிஎஃப் 420 மில்லி. இன்ஜினுக்குப் புது 20W50. அளவை இன்ஜின் ஓடி நின்ற உடனே பார்க்க வேண்டும். நின்று போன வண்டியில் பார்த்து ஊற்றினால் அதிகமாகிவிடும்.

செலவு: சீல் இரண்டு 280, காலர் 180, பேக்கிங் பேப்பர் இரண்டு 80, ரப்பர் வளையம் 80, பூட்டு வாஷர் இரண்டு 40, மூச்சு வால்வு 45, ஏடிஎஃப் இரண்டு லிட்டர் 760, இன்ஜின் ஆயில் இரண்டரை லிட்டர் 1,000, கிளட்ச் புல்லர் 350, நைலான் கட்டை 200, அனபாண்ட் 90. ஆக 3,105 ரூபாய். முதல் தடவை அவிழ்த்து மாட்ட ஏழு மணி நேரம், இரண்டாம் தடவை நாலரை. துடைக்கப் பனியன் வேஸ்ட் ஒரு கிலோ முழுக்கத் தீர்ந்தது.

அடுத்த வண்டியில் இதே வேலை வந்தால் மூச்சு வால்வைத்தான் முதலில் மாற்றுவேன். மாற்றிவிட்டு 100 கிலோமீட்டர் ஏடிஎஃப் சோதனையைத் திரும்பச் செய்து, அப்புறம்தான் மூடியைத் தொடுவேன். பாதி வண்டிகளுக்கு அதோடு வேலை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. சீல், காலர், பேக்கிங், பூட்டு வாஷர் நான்கும் கையில் இல்லாமல் கிளட்சைக் கழற்ற மாட்டேன். உள் கேஸ் வெளியே இருக்கும்போதே கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டின் ஃபெல்ட் வளையத்தையும் மாற்றிவிடுவேன். இதில் அதை விட்டுவிட்டோம்.

200 கிலோமீட்டரில் வடித்தது 420 மில்லி, நிறம் சிவப்பு, அதையே வடிகட்டித் திரும்ப ஊற்றினோம். 1,500இல் வடித்தது 410, கிளட்ச் தூளால் கொஞ்சம் கறுத்திருந்தது, பழுப்பு இல்லை. குறைந்த 10 மில்லி ஃபெல்ட் வளையத்தில் ஈரமாகத் தெரிகிறது.